வெளிநாட்டில் தன்னார்வப் பணி: ஆறு வழிகள், ஒவ்வொன்றிலும் யார் செலவு?

"மூன்று மாதம் கையில் இருக்கிறது. வெளிநாட்டில் எங்காவது போய் உருப்படியாக ஏதாவது செய்யலாம் என்று பார்க்கிறேன். எதில் சேரலாம்?"

இப்படிக் கேட்கிறவர் ஏற்கெனவே இணையத்தில் துழாவி நாலைந்து பக்கங்களைத் திறந்து வைத்திருப்பார். ஒன்றில் யானையைக் குளிப்பாட்டும் படம், இன்னொன்றில் ஐ.நா. சின்னம், மூன்றாவதில் திராட்சைத் தோட்டம். மூன்றிலும் தலைப்பு ஒன்றுதான்: தன்னார்வலர் தேவை. ஆனால் மூன்றும் மூன்று விதமான பேரம். ஒன்றில் நீங்கள் பணம் கட்ட வேண்டும், ஒன்றில் உங்களுக்குப் பணம் தருவார்கள், மற்றதில் உழைப்புக்குச் சோறு.

என் கட்சி இதுதான்: யார் காசு கொடுக்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிட்டால், அந்த வேலை யாருக்காக நடக்கிறது என்பது பாதி புரிந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் இந்த ஒப்பீடு.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பணம். டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, இன்ஷூரன்ஸ், கைச்செலவு என்று ஐந்தையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். "எல்லாம் இலவசம்" என்று போட்டிருக்கும் இடத்தில் பெரும்பாலும் டிக்கெட்டும் இன்ஷூரன்ஸும் சேராது.

அடுத்தது நாள். இரண்டு வாரம் வந்து போகிறவரிடமும் பத்து மாதம் இருக்கிறவரிடமும் ஒரே பொறுப்பை ஒப்படைக்க முடியாது.

மூன்றாவது கேள்வி கொஞ்சம் சங்கடமானது. நீங்கள் போகாவிட்டால் அந்த வேலையை யார் செய்திருப்பார்கள்? உள்ளூர் ஆள் ஒருவர் சம்பளத்துக்குச் செய்திருப்பார் என்றால், நீங்கள் இலவசமாகச் செய்வது அவருடைய பிழைப்பில் கைவைப்பது. நான்காவது, சிக்கல் வந்தால் யாரிடம் போய் நிற்பது.

ஐந்தாவது விசா. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சம்பளம் வாங்கவில்லையே, டூரிஸ்ட் விசா போதாதா என்று பலர் நினைக்கிறார்கள். குடியேற்ற அதிகாரி அப்படி நினைப்பதில்லை. நியூசிலாந்தில் வேலைக்குப் பதிலாகப் படுக்கையும் சாப்பாடும் கிடைத்தால் அதுவே ஊதியமாகக் கணக்கு. வேலை செய்ய அனுமதிக்கும் விசா வேண்டும். பிரிட்டனுக்கு விசிட்டராகப் போகிறவர் பதிவுபெற்ற அறக்கட்டளையில் மொத்தம் 30 நாள் வரை தன்னார்வப் பணி செய்யலாம். ஆனால் பயணத்தின் முக்கிய நோக்கம் அதுவாக இருக்கக் கூடாது. அதற்கு மேல் என்றால் அறப்பணியாளருக்கென்று தனி விசா, அதற்கு ஸ்பான்சர் செய்யும் உரிமம் உள்ள அமைப்பு. நாட்டுக்கு நாடு விதி மாறும், அடிக்கடியும் மாறும். அந்த நாட்டின் குடியேற்றத் துறை என்ன சொல்கிறது என்பதை மட்டும் நம்புங்கள். "எல்லாரும் டூரிஸ்ட் விசாவில்தான் வருகிறார்கள், ஏர்போர்ட்டில் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிடுங்கள்" என்று ஓர் அமைப்பு எழுதினால் அத்தோடு அதை விட்டுவிடலாம். பொய் சொல்லி மாட்டப்போவது நீங்கள்தான்.

| வழி | யார் செலவு | எவ்வளவு நாள் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| நிதியுள்ள திட்டங்கள் | திட்டமே ஏறக்குறைய எல்லாம் | 2 மாதம் முதல் 2 ஆண்டுக்கும் மேல் | நீண்ட காத்திருப்பு, மொழிப் படிப்பு |
| பணிமுகாம் | முகாமில் சாப்பாடு, படுக்கை. டிக்கெட் உங்களுடையது | 2–3 வாரம் | குறைந்த நாளுக்கு முழு டிக்கெட் |
| உழைப்புக்கு இடமும் சாப்பாடும் | டிக்கெட், உறுப்பினர் கட்டணம் உங்களுடையது | சில வாரம் முதல் சில மாதம் | விசாச் சிக்கல், நேரம் காலம் இல்லாத வேலை |
| கட்டண ஏஜென்சி | எல்லாம் நீங்கள் | 1 வாரம் முதல் | பணம் எங்கே போகிறது என்று தெரியாமை |
| நேரடியாக எழுதிக் கேட்பது | பேசி முடிப்பதைப் பொறுத்து | பெரும்பாலும் 3 மாதத்துக்கு மேல் | பாதுகாப்பு ஏற்பாடு எல்லாம் உங்கள் தலையில் |
| ஆன்லைன் | செலவில்லை | வாரத்துக்குச் சில மணி | தொடர்ந்து செய்யும் ஒழுங்கு |

## நிதியுள்ள திட்டங்கள்

ஐ.நா. பொதுச்சபை 1970இல் தொடங்கிய ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தின் தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது. வெளிநாட்டுப் பணிக்குத் தேர்வானால் பயணச் செலவு, மாதாந்திர வாழ்க்கைப் படி, மருத்துவ இன்ஷூரன்ஸ் எல்லாம் உண்டு. 18 முதல் 26 வயது வரை உள்ளவர்களுக்கு இளையோர் பிரிவு இருக்கிறது. அதற்கு மேல் போனால் பணி அனுபவம் கேட்பார்கள். பெயர்தான் தன்னார்வலர், தேர்வு முறை வேலைக்கு எடுப்பது போலத்தான். பதிவு செய்யக் காசு கிடையாது. ஐ.நா. ஆட்சேர்ப்பில் எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை. "ஐ.நா. பணி உறுதி, ப்ராசஸிங் ஃபீஸ் மட்டும் அனுப்புங்கள்" என்று மெயில் வந்தால் அது மோசடி.

மற்ற பெரிய திட்டங்களில் பாஸ்போர்ட்தான் முதல் வடிகட்டி. 1961இல் தொடங்கிய அமெரிக்காவின் பீஸ் கார்ப்ஸ் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். பயிற்சியையும் சேர்த்து 27 மாதம். ஜப்பான் 1965 முதல் அனுப்பும் தன்னார்வலர்களும் அந்நாட்டவரே. ஐரோப்பிய ஒன்றியத்தின் சாலிடாரிட்டி கார்ப்ஸ் 18 முதல் 30 வயதுக்காரர்களுக்குப் பயணம், தங்குமிடம், சாப்பாடு, இன்ஷூரன்ஸ், கைச்செலவு வரை தருகிறது. ஆனால் ஒன்றிய நாடுகளிலும் அதோடு இணைந்த அல்லது அண்டையில் உள்ள சில நாடுகளிலும் வசிப்பவர்களுக்குத்தான் அது. உங்கள் பாஸ்போர்ட்டுக்கும் வசிக்கும் நாட்டுக்கும் பொருந்தாத திட்டத்தைப் பற்றி மூன்று நாள் படித்துக்கொண்டிருக்காதீர்கள். முதல் ஐந்து நிமிடத்தில் தகுதிப் பக்கத்தைப் பார்த்து, இல்லையென்றால் அடுத்ததுக்குப் போங்கள்.

எந்த நாட்டவரும் முயலக்கூடிய ஒன்று ஜெர்மனியின் கூட்டாட்சித் தன்னார்வச் சேவை. கட்டாய ராணுவச் சேவைக்கு மாற்றாக இளைஞர்கள் செய்துவந்த சிவில் சேவை 2011இல் நின்றபோது அந்த இடத்தில் வந்தது இது. முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகள் குடியிருப்பு, மருத்துவமனை போன்ற இடங்களில் பெரும்பாலும் ஓர் ஆண்டு வேலை. மாதம் ஒரு சிறு தொகை கைச்செலவுக்குக் கிடைக்கும். பல இடங்களில் தங்குமிடமும் சாப்பாடும் உண்டு. வயதுக்கு மேல்வரம்பு கிடையாது. பேச்சில் தட்டுத் தடுமாறியாவது ஜெர்மன் வர வேண்டும். மாற்றுத்திறனாளிகளோடு ஒரே வீட்டில் வாழும் கேம்ப்ஹில் சமூகங்களும் இதுபோன்ற ஓராண்டுத் தன்னார்வலர்களை எடுக்கின்றன. 1940 வாக்கில் ஸ்காட்லாந்தில் தொடங்கிய அந்தச் சமூகங்கள் இன்று பல நாடுகளில் உண்டு.

இங்கே மறைந்திருக்கும் செலவு காலம். விண்ணப்பம், நேர்காணல், போலீஸ் சான்றிதழ், விசா என்று ஓர் ஆண்டு வரைகூட ஓடிவிடும். டிக்கெட் செலவைத் திட்டமே ஏற்குமா என்பதை இடத்துக்கு இடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் ஒதுக்க முடிந்து, அந்தக் காத்திருப்பையும் தாங்க முடிந்தால் வேறெங்கும் பார்க்க வேண்டாம், இதுதான் வழி.

## பணிமுகாம்

இதைப் பற்றித் தெரிந்தவர்கள் ஏனோ குறைவு. முதல் உலகப் போரில் தரைமட்டமான ஒரு கிராமத்தை மறுபடி கட்ட, பிரான்ஸின் வெர்டன் நகர் அருகே 1920இல் பியர் செரசோல் என்ற சுவிஸ் சமாதானவாதி ஒரு குழுவைக் கூட்டினார். அதில் ஜெர்மானியரும் இருந்தார்கள், நேற்றைய எதிரிகள். அதிலிருந்து வளர்ந்ததுதான் சர்வதேச சிவில் சேவை இயக்கம். 1934 பீகார் நிலநடுக்கத்துக்குப் பிறகு செரசோல் அங்கேயும் போய் வீடு கட்டும் வேலையில் இறங்கினார்.

இன்றைய பணிமுகாம் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம். பல நாட்டிலிருந்து பத்து இருபது பேர் ஒரு பள்ளிக்கூடத்திலோ கூடாரத்திலோ தங்கி, நடைபாதை சீரமைப்பது, திருவிழாவுக்கு மேடை போடுவது, காட்டில் களை எடுப்பது என்று ஏதாவது செய்வார்கள். முறை வைத்துச் சமைப்பார்கள். உங்கள் நாட்டில் இருக்கும் அனுப்பும் அமைப்பு வழியாகத்தான் விண்ணப்பம். சிறிய பதிவுக் கட்டணம் உண்டு.

நேர்மையாகச் சொன்னால், இரண்டு வாரத்தில் நீங்கள் எடுக்கும் களையால் காடு பிழைத்துவிடாது. பணிமுகாம்காரர்களும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. முன்பின் தெரியாத பதினைந்து பேர் சேர்ந்து வேலை பார்ப்பதுதான் அங்கே விஷயம். குறுகிய லீவு, முதல் வெளிநாட்டுப் பயணம், தனியாகப் போகத் தயக்கம் என்றால் இதைவிடப் பாதுகாப்பான ஆரம்பம் இல்லை. டிக்கெட்டோ விசாக் கட்டணமோ அதிகமாக வரும் தூரத்துக்கு இது கட்டுப்படியாகாது. பக்கத்து நாடு ஒன்றில் நடக்கும் முகாமைப் பாருங்கள்.

## உழைப்புக்கு இடமும் சாப்பாடும்

1971இல் லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ காப்பர்ட், நகரத்து ஆட்கள் வார இறுதியில் இயற்கை விவசாயப் பண்ணைக்குப் போய் வேலை செய்ய ஓர் ஏற்பாடு செய்தார். அதுதான் இன்று பல நாடுகளில் இருக்கும் வூஃப் (WWOOF) அமைப்பு. ஒரு நாளைக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் பண்ணை வேலை, பதிலுக்குத் தங்க இடமும் சாப்பாடும். உறுப்பினர் கட்டணம் நாட்டுக்கு நாடு தனி. ஒர்க்அவே, வேர்ல்டுபேக்கர்ஸ் போன்ற தளங்கள் அதே ஏற்பாட்டை விடுதி, வீடு, பள்ளி என்று விரித்திருக்கின்றன.

இங்கே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். குடும்பம் நடத்தும் பண்ணையில் தக்காளி பறிப்பது ஒன்று. லாபத்துக்கு நடக்கும் ஹாஸ்டலில் ரிசப்ஷனில் உட்கார்ந்து படுக்கை விரிப்பு மாற்றுவது வேறு. அது சம்பளம் இல்லாத வேலை, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்க இளைஞர்களுக்குத் தரும் விசாவை இரண்டாம் ஆண்டுக்கும் வாங்கச் செய்ய வேண்டிய கிராமப்புற வேலைக் கணக்கிலிருந்து, சம்பளமில்லாத பண்ணை வேலையை 2015 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். விசா ஆசையைக் காட்டிச் சில இடங்களில் ஆட்களைச் சுரண்டியதுதான் காரணம்.

விருந்தோம்புகிறவரின் அறிமுகத்தை வரி வரியாகப் படியுங்கள். "நாங்கள் ஒரே குடும்பம் போல, மணி பார்ப்பதில்லை" என்றிருந்தால் நீங்களும் மணி பார்க்க முடியாது என்று பொருள். "காலை 7 முதல் 12 வரை, ஞாயிறு, திங்கள் லீவு, மழை பெய்தால் நாற்றங்கால் வேலை" என்று எழுதியிருப்பவர் அனுபவசாலி. ஒத்துக்கொள்வதற்கு முன் தூங்கும் இடத்தின் போட்டோ கேளுங்கள். முன்பு போனவர்கள் எழுதிய மோசமான விமர்சனத்தை முதலில் படியுங்கள், அதற்கு அவர் எழுதிய பதிலை அதைவிடக் கவனமாக. பதிலில் கோபம் தெறித்தால் போகாதீர்கள். அப்புறம், பிடிக்காவிட்டால் அன்றைக்கே கிளம்பி ஒரு வாரம் வெளியே தங்கும் அளவுக்காவது பணம் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் போகிறவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

மெதுவாக ஊர் சுற்ற வேண்டும், விவசாயம் கற்க வேண்டும், உடம்பு ஒத்துழைக்கும், விசாவும் இடம் கொடுக்கும் என்றால் அருமையான வழி. சேவை என்ற பெயரை மட்டும் இதற்கு வைக்க வேண்டாம். இது பண்டமாற்று.

## கட்டணம் கட்டிப் போவது

நானும் ஒருமுறை பணம் கட்டிப் போனவன்தான். ஒரு மலையூர்ப் பள்ளியில் மூன்று வாரம் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை. முதல் நாள் கரும்பலகையில் சிவப்பு சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டேன். நான் வாய் திறப்பதற்குள் வகுப்பே "ரெட்!" என்றது. நீலத்தைக் கையில் எடுத்தேன், "ப்ளூ!" முன்வரிசைப் பெண்ணின் நோட்டை வாங்கிப் புரட்டினேன். நிறங்கள், கிழமைகள், உடல் உறுப்புகள். ஐந்தாறு பக்கம் தள்ளி மறுபடியும் நிறங்கள், கிழமைகள், உடல் உறுப்புகள். இன்னும் கொஞ்சம் தள்ளி மூன்றாம் முறை. ஒவ்வொன்றின் கீழும் வேறு வேறு கையெழுத்தில் 'வெரி குட்'.

பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆசிரியர் சிரித்தார். "எல்லாரும் நிறத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள்" என்றார். நான் கட்டிய பணத்தில் பள்ளிக்கு எவ்வளவு வருகிறது என்று பிற்பாடு கேட்டேன். தன்னார்வலர்களின் சாப்பாட்டுச் செலவுக்கு மேல் ஒன்றும் வருவதில்லை என்றார். அந்தப் பெண்ணின் நோட்டு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

கட்டணம் வாங்குவதே தப்பு என்று இதற்காகச் சொல்ல மாட்டேன். ஏர்போர்ட்டில் வந்து அழைத்துப் போவது, தங்க வைப்பது, இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எல்லாம் செலவுதான். கடலாமைப் பாதுகாப்பு போன்ற வேலைகளில் கட்டணம் நியாயமாகவே இருக்கும். இரவெல்லாம் கடற்கரையில் சிவப்பு விளக்கோடு நடந்து, முட்டையிட வந்த ஆமையின் ஓட்டின் நீளத்தை அளந்து, கூட்டைக் குறித்து வைக்க ஆள் வேண்டும். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். இன்று ஒருவர் எடுத்த கணக்கை நாளை வருகிறவர் அப்படியே தொடரலாம். தன்னார்வலர் தரும் கட்டணத்தில்தான் அந்தக் கணக்கெடுப்பே ஓடும். அங்கே நீங்கள் நன்கொடையாளர், கூடவே கூலியாள்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: கட்டணத்தில் எத்தனை சதவீதம் அந்த ஊருக்குப் போகிறது, எதற்கெல்லாம்? நல்ல அமைப்பு ஒரு பட்டியலை அனுப்பும். மழுப்பலாகப் பதில் வந்தால் விடை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதாக, உள்ளூரில் இருக்கும் அமைப்பின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். ஒரே இடத்துக்குப் பல ஏஜென்சிகள் பல விலையில் ஆள் அனுப்புவதும் உண்டு. நேரடியாகப் பேசினால் இடைத்தரகு மிச்சமாகும்.

குழந்தைகள் இல்லத்துக்கு மட்டும் போகவே வேண்டாம். கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையே இத்தகைய இல்லங்கள் 75 சதவீதம் பெருகியதாக யுனிசெஃப் சொன்னது. அங்கே இருந்த பெரும்பாலான குழந்தைகளுக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். பார்க்க வரும் வெளிநாட்டவரும் அவர்கள் தரும் பணமும் இருப்பதால்தான் பிள்ளைகளை வீட்டிலிருந்து கொண்டுவருகிறார்கள் என்ற குற்றச்சாட்டு பல நாடுகளில் எழுந்தது. 2019இல் ஐ.நா. பொதுச்சபையே இந்தத் தன்னார்வச் சுற்றுலாவைப் பற்றி எச்சரித்தது. இரண்டு வாரம் மடியில் உட்கார வைத்துக் கொஞ்சிவிட்டு நீங்கள் விமானம் ஏறுவீர்கள். அடுத்த வாரம் அதே குழந்தைக்கு இன்னொருவரோடு அதே பழக்கம், அதே பிரிவு. உங்கள் போலீஸ் சான்றிதழைக் கேட்காமல் குழந்தைகளிடம் விடும் இடம் வேறு யாரையெல்லாம் உள்ளே விட்டிருக்கும் என்றும் யோசியுங்கள்.

தேர்ந்தெடுத்துப் போனால், நேரம் குறைவாகவும் பணம் போதுமானதாகவும் இருப்பவருக்கு ஆய்வு, வனவிலங்குக் கணக்கெடுப்பு சார்ந்த கட்டணத் திட்டம் சரிதான். மற்றபடி, மாதக்கணக்கில் சேமித்த பணத்தை இதில் கொட்டாதீர்கள்.

## நேரடியாக எழுதிக் கேட்பது

கைத்தொழிலோ படிப்போ உள்ளவருக்கு இதுதான் மலிவு, பலனும் அதிகம். கணக்காளர், நர்ஸ், எலக்ட்ரீஷியன், வெப்சைட் செய்யத் தெரிந்தவர் என்று ஆள் தேடும் சிறிய அமைப்புகள் விளம்பரம் செய்வதில்லை, அதற்கு அவர்களிடம் பணம் இல்லை. மருத்துவத் துறையில் இருப்பவர்கள் 1971இல் உருவான எல்லைகளற்ற மருத்துவர்கள் போன்ற அமைப்புகளையும் பார்க்கலாம். அங்கே சம்பளத்தோடு கூடிய பணி, தேர்வும் கடுமை.

எழுதும்போது "எதையும் செய்யத் தயார்" என்று மட்டும் எழுதாதீர்கள். உங்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசிக்கும் சுமை அவர்கள் தலையில் விழும். "ஆறு ஆண்டுகள் சிறு நிறுவனக் கணக்கு பார்த்திருக்கிறேன். ஜனவரி முதல் நான்கு மாதம் வர முடியும். உங்கள் ஆண்டறிக்கையில் கணக்கை இன்னும் கைப்பேரேட்டில் வைத்திருப்பதாகப் பார்த்தேன். அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, உங்கள் ஆட்கள் இருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வரலாம். தங்க இடம் மட்டும் போதும்." இப்படி எழுதுகிற ஒருவருக்குப் பதில் வரும். பத்து இடத்துக்கு எழுதினால் இரண்டிலாவது.

விலை வேறு இடத்தில் இருக்கிறது. விசா, இன்ஷூரன்ஸ், தடுப்பூசி எல்லாம் நீங்களே பார்க்க வேண்டும். இன்ஷூரன்ஸில் அவசரத்துக்கு ஊருக்குத் தூக்கி வரும் செலவு சேர்ந்திருக்கிறதா, உடல் உழைப்பின்போது அடிபட்டால் தருவார்களா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள். சாதாரண டிராவல் பாலிசியில் இந்த இரண்டாவது பெரும்பாலும் இருக்காது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கும் நாடு என்றால், ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். முதல் பயணக்காரர்களுக்கு இந்த வழியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

## போகாமலே செய்வது

வெளிநாட்டுப் பணி பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். 2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது அதன் தலைநகருக்கு மீட்புக் குழுவினர் நம்பும்படியான தெரு வரைபடம் இல்லை. உலகம் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருத் தெருவாக வரைந்து சில நாளில் கொடுத்துவிட்டார்கள். அவர்களில் பலர் அந்தத் தீவை மிதித்ததே இல்லை. ஐ.நா. தன்னார்வலர் திட்டத்திலும் ஆன்லைன் பிரிவு இருக்கிறது: மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, தரவு வேலை.

பாஸ்போர்ட், உடல்நிலை, வீட்டுப் பொறுப்பு எதுவும் தடையில்லை. மற்ற வழிகளில் போக நினைப்பவரும் மூன்று மாதம் இதைச் செய்துவிட்டு விண்ணப்பித்தால் பயோடேட்டாவில் சொல்ல ஒரு விஷயம் இருக்கும்.

## எப்போது தொடங்குவது

ஓராண்டுத் திட்டங்கள் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்குகின்றன. முந்தைய குளிர்காலத்திலேயே ஆட்களை எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள், அதனால் மொழிப் படிப்பை அதற்கும் முன்பே தொடங்க வேண்டும். கோடைக்காலப் பணிமுகாம் பட்டியல் மார்ச், ஏப்ரல் வாக்கில் வெளிவரும், நல்ல இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். பண்ணைகளுக்கு ஒன்றிரண்டு மாதத்துக்கு முன் எழுதினால் போதும். அறுவடை நேரமென்றால் இன்னும் முன்பே. பாஸ்போர்ட்டில் திரும்பும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் முதல் வேலை அதைப் புதுப்பிப்பது.